முதல் கூரையின் ஓரம்

சட்டையின் முதுகை நடுவாகக் கத்தரித்து முடித்துவிட்டு, வெட்டுப்பட்ட இரண்டு ஓரங்களையும் மடித்து மெஷினில் கொடுத்து அடித்துக்கொண்டிருந்தாள் அக்கா. தம்பியின் வேலைச் சட்டை அது. நீல நிறம், பையின் மேல் துறைமுகக் கம்பெனியின் முத்திரை. கையை மடக்க முடியாதவனுக்கு வேறு விதமாகச் சட்டை போட முடியாது. முன்பக்கமாகக் கைகளை நுழைத்துவிட்டு, பிளந்த முதுகை இரண்டு பக்கமும் உடம்புக்கு அடியில் செருக வேண்டும். நோய் முற்றிய பிறகு அவனுடைய சட்டைகளையெல்லாம் அவள் இப்படித்தான் மாற்றி வைத்திருந்தாள். இந்த ஒன்றை மட்டும் அவன் வெட்ட விடவில்லை. திரும்ப வேலைக்குப் போகும்போது போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

"கிழிச்ச சட்டைக்கு எதுக்கும்மா ஓரம் அடிக்கிற?" என்று கேட்டார் சித்தப்பா. காலையில் செய்தி கேட்டதும் முதல் ஆளாக வந்து, வீட்டிலிருந்த ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை.

"பிசிறு விடும் சித்தப்பா."

"இனிமே அத யாரு பாக்கப் போறா?"

அக்கா மெஷினை மிதித்தாள். துணிக்கடையின் பின்கட்டில் உட்கார்ந்து, வாங்கின உடுப்பு சரியில்லை என்று வருகிறவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பதும் பிரித்துக் கொடுப்பதும் அவள் பிழைப்பு. பிசிறு விட்ட துணியை அவள் கை யாருக்கும் கொடுத்ததில்லை.

"முதல்ல அந்தக் கம்ப்யூட்டர அணைம்மா. சாவு வீட்ல பொம்மை ஓடிக்கிட்டிருக்கு. வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

"இருக்கட்டும்."

தம்பி படுத்திருந்த கட்டிலின் கால்மாட்டில், துணி தேய்க்கும் மேசைமேல் அந்த லேப்டாப் இருந்தது. சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாள். திரையில் சிவப்புப் பை மாட்டிய தபால்காரன் ஒருவன் வீட்டுக் கூரையின் மேல் நடந்து வந்தான். மிக மெதுவாக நடந்தான். கூரை முடிந்த இடத்தில் அவன் தாவ வேண்டும். தாவச் சொல்லிப் பொத்தானை அமுக்க யாரும் இல்லாததால் அப்படியே கால் வைத்துக் கீழே விழுந்தான். பிறகு மறுபடியும் முதல் கூரையின் தொடக்கத்தில் வந்து நின்றான். காலையிலிருந்து இதேதான் நடந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் தம்பியின் முகத்தைப் பார்த்தார்கள். தபால்காரன் விழுவதை அக்கா ஒருத்திதான் பார்த்தாள்.

தம்பியின் வலது ஆள்காட்டி விரலுக்கு அடியில் பெரிய பச்சைப் பொத்தான் ஒன்று இன்னும் பிளாஸ்திரியால் ஒட்டப்பட்டிருந்தது. அதைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. பொத்தானைச் செய்தவனே வந்து கழற்றட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

தம்பி துறைமுகத்தில் க்ரேன் ஓட்டியவன். வானத்தில் தொங்கும் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, வீட்டளவு பெரிய இரும்புப் பெட்டிகளை முட்டையை எடுத்து வைப்பதுபோல் கப்பலில் எடுத்து வைப்பான். எல்லாம் இரண்டு பிடிகளில், விரல் நுனியில் நடக்கும் வேலை. ஒருநாள் இடது கைப்பிடி நழுவியது. தூக்கக் கலக்கம் என்றார்கள். பிறகு வலதும் நழுவியது. நரம்பு நோய், மருந்து கிடையாது, கை கால் பேச்சு என்று ஒவ்வொன்றாகக் கடை சாத்திக்கொண்டு வரும், புத்தி மட்டும் கடைசிவரை திறந்தே இருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்தக் கடைசிப் பகுதியை அவர் ஏதோ ஆறுதல் மாதிரிச் சொன்னதுதான் அக்காவுக்கு இன்றுவரை ஆறவில்லை.

விளையாட்டு யோசனை தம்பியுடையது. அப்போது குழறலாகவாவது பேச்சு இருந்தது. முதல் சம்பளத்தில் அவன் வாங்கிய பழைய வீடியோ கேம் பெட்டி அலமாரியின் மேல் தூசி தின்றுகொண்டு கிடந்தது. அதைப் பிடித்து ஆட இப்போது விரல்களில் வலு இல்லை. பெட்டியும் என்றோ செத்துவிட்டது. ஆனால் எமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது, லேப்டாப்பை அந்தப் பெட்டி மாதிரியே நடிக்க வைக்கும், பொத்தான்களையும் நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றான் அவன்.

"நான் பட்டன் தைக்கிறவ. எனக்கு இதெல்லாம் என்னடா தெரியும்?"

"இதுவும்... பட்டன்தான்," என்றான்.

இலவசமாகக் கிடைத்தது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஓய்வு நேரத்தில் எழுதி, எழுதியதையும் மூடி வைக்காமல் எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தார்கள். "யாருடா இவங்க? வேற வேல இல்லையா?" என்று கேட்டாள். "என்ன மாதிரி... ஆளுங்க," என்றான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என்று ஒரு பக்கம் இருந்தது. அவள் எழுத்துக்கூட்டி வாசிக்க, அவன் பொருள் சொன்னான். அவன் சொன்ன பொருள் புரிய அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

விளையாட்டுப் பெட்டி உயிர் பெறும்போது முதலில் ஓடும் கோப்பு ஒன்று வேண்டும். அதை அவர்கள் தர மாட்டார்கள், அவரவர் பெட்டியிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று போட்டிருந்தது. க்ரேன்களுக்கு மின்வேலை பார்க்கும் ஃபியூஸ் வந்து பெட்டியை வாங்கிப்போய், எதையோ பிரித்து எதிலோ இணைத்து, அந்தக் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தான். துறைமுகப் பக்கம் எல்லோரும் அவனை ஃபியூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே சம்பளத்தன்று மட்டும்தான் நினைவுக்கு வரும் என்பது தம்பியின் பழைய கேலி.

கோப்பை வைத்த பிறகும் திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க அக்கா அதோடு மல்லுக்கட்டினாள். கடைசியில்தான் விஷயம் வெளியே வந்தது. கோப்பை அவள் போட்டோக்கள் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தாள்.

"முக்கியமானதெல்லாம் நான் அங்கதான்டா வெப்பேன்."

தம்பி சிரித்தான். எச்சில் ஒழுக, இருமல் வந்து மூச்சு முட்டும்வரை சிரித்தான். அவள் பயந்துபோய் முதுகைத் தடவிவிட்டாள். கோப்பை உரிய இடத்துக்கு மாற்றியதும், அந்தப் பழைய பெட்டி திறக்கும்போது வரும் நீண்ட மணியோசை லேப்டாப்பிலிருந்து வந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அவன் சிரித்ததை அவள் பார்த்தது அதுதான் கடைசி. அதற்குப் பிறகு முகமும் கடை சாத்திவிட்டது.

தபால்காரன் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதில் நடை தானாக நடக்கும். ஆடுகிறவன் தாவ மட்டும் செய்தால் போதும். அதற்கு ஒரே ஒரு பொத்தான். ஃபியூஸ்தான் க்ரேனிலிருந்து கழற்றிப்போட்ட பழைய பொத்தான் ஒன்றைக் கொண்டுவந்து, வயர் கட்டி, லேப்டாப்பில் செருகிக் கொடுத்தான். தம்பிக்கு அது பழகிய பொத்தான். விரல் வைத்ததுமே கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

விரலின் வேகம் குறைந்தபோது எமுலேட்டரில் ஆட்டத்தின் வேகத்தைப் பாதியாக்கினாள். பிறகு அதிலும் பாதி. தபால்காரன் தண்ணீருக்குள் நடக்கிறவன் மாதிரி நடந்தான். அப்புறம் ஒருநாள் முதல் கூரையிலேயே விழுந்தான். எழுந்து வந்து மறுபடி விழுந்தான். அக்கா திரையை விட்டுவிட்டு விரலைப் பார்த்தாள். விரல் அசையவே இல்லை. தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், வீட்டின் கூரையை. அன்று முழுக்க அவன் அவளைப் பார்க்கவில்லை.

அதை அவளால் தாங்க முடியவில்லை. மறுநாள் கடையிலிருந்து வரும் வழியில் எண் பொத்தான்கள் மட்டும் உள்ள, வயர் இல்லாத சின்ன நம்பர் பேட் ஒன்றை வாங்கிவந்தாள். அவன் தூங்கும்போது லேப்டாப்பைச் சமையலறைக்குக் கொண்டுபோய், 'புதிய கருவியைச் சேர்க்கவும்' என்ற இடத்தைத் தானே தேடிக் கண்டுபிடித்து, கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாம் போட்டு, கண்ணில் பட்ட கட்டத்திலெல்லாம் டிக் அடித்தாள். காலையில் கட்டில் ஓரம் உட்கார்ந்து, நம்பர் பேடைப் போர்வை மடிப்புக்குள் வைத்து, தபால்காரன் கூரை ஓரத்துக்கு வந்ததும் அமுக்கினாள். தாவினான்.

தம்பியின் கண்கள் விரிந்தன.

"பாத்தியாடா! உன்னால முடியாதுன்னு எவன் சொன்னது?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள் அக்கா.

அன்றிலிருந்து திரையின் மேல்மூலையில் இரண்டு சின்ன வட்டங்கள் புதிதாக வந்து உட்கார்ந்துகொண்டன. ஒன்றுக்குள் 1, இன்னொன்றுக்குள் 2. தபால்காரன் தாவும்போதெல்லாம் இரண்டாவது வட்டம் சிவந்து அணைந்தது. இரண்டு என்றால் தாவல் போலிருக்கிறது, ஒன்று வேறு ஏதாவது ஆட்டத்துக்காக இருக்கும் என்று விட்டுவிட்டாள். அவளுடைய மெஷினிலேயே எதற்கென்று தெரியாத திருகுகள் இரண்டு மூன்று உண்டு. ஒருமுறை மட்டும் கேட்டாள்.

"இந்தப் புள்ளி ரெண்டும் கண்ண உறுத்துதாடா? எடுத்துடவா?"

ஆமாம் என்றால் தம்பி கண்ணை மேலே உயர்த்துவான். வேண்டாம் என்றால் மூடுவான். அன்று இறுக்கி மூடினான்.

"சரி சரி, இருக்கட்டும். முதலாளி சொன்னா மறுபேச்சு உண்டா."

அதற்குப் பிறகு தினமும் ஆட்டம்தான். சொல்லப்போனால் அவள் கேட்காவிட்டாலும் அவனே கேட்டான். கடையில் நீண்ட விடுப்பு தர மறுத்த அன்று அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் கண் லேப்டாப் பக்கம் போய்ப் போய் வந்தது. அவள் அழுது முகம் கழுவிக்கொண்டு வந்த நாட்களிலும் அப்படித்தான். "விளையாட்டுக் கிறுக்கு," என்று திட்டிக்கொண்டே எழுந்து போய் ஆட்டத்தைப் போடுவாள். போட்டதும் அவளுக்கும் கொஞ்சம் தேவலாம் போலிருக்கும்.

இன்று காலையும் முகம் துடைத்து, தலையணையை உயர்த்தி, விரலைப் பொத்தானில் வைத்து ஒட்டினாள். "ஆடலாமா?" என்று கேட்டாள். கண் மேலே போனது. போர்வைக்குள் கையை விட்டுக்கொண்டாள். இன்றைக்கென்று கை அப்படி ஒத்துழைத்தது. எப்போதும் விழுகிற புகைபோக்கி வீட்டைத் தபால்காரன் தாண்டிவிட்டான். அதற்கப்புறம் அவர்கள் பார்த்தே இராத கூரைகள் வந்தன. சிவப்பு ஓடுகள், துணி காயும் கொடிகள், தூரத்தில் ஒரு மணிக்கூண்டு. அக்காவுக்கு நிஜமாகவே ஆட்டம் பிடித்துப்போயிற்று. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மணிக்கூண்டையும் தாண்டியதும், "பாத்தியாடா," என்று திரும்பினாள்.

தம்பி திரையைப் பார்த்தபடிதான் இருந்தான். மூச்சு இல்லை.

டாக்டர் வந்து, எழுதுவதற்காக, உயிர் எப்போது போனது என்று கேட்டார். புகைபோக்கி வீட்டுக்கும் மணிக்கூண்டுக்கும் நடுவில் எங்கேயோ என்பதுதான் அவளுக்குத் தெரிந்த பதில். எந்தக் கூரையிலிருந்து தான் தனியாக ஆடிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. "காலையில," என்று மட்டும் சொன்னாள்.

ஓரம் அடித்து முடித்து நூலைக் கத்தரித்தாள். மாடி வீட்டம்மா டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"ஒரு வாய் குடிம்மா. காலையிலேருந்து பச்சத்தண்ணி கூட இல்ல."

"அப்புறம் குடிக்கிறேங்க."

"ஒண்ணு சொல்றேன், கேளு. கடைசி நிமிஷம் வரைக்கும் அவன் பாட்டுக்கு ஆடிக்கிட்டே போயிட்டான். படுத்த படுக்கையில கெடந்தவனுக்கு இதவிட என்ன வேணும்? அவனால முடியும்னு நெனச்சுக்கிட்டேதான் போயிருக்கான். அது நீ குடுத்தது."

அக்கா தலையை ஆட்டினாள். காலையிலிருந்து அவளும் இந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். கையையும் காலையும் பேச்சையும் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் தன்னால் ஆட முடிகிறது என்று நம்பிக்கொண்டே போனான். அது போதும். போர்வைக்குள் இருந்தது அவளோடு போகட்டும். யாருக்கும் சொல்லப் போவதில்லை.

ஃபியூஸ் வந்தான். க்ரேன் ஆட்கள் நாலைந்து பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவன் மட்டும் உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் நின்றான். பெரிய உடம்பு, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான்.

"போன வாரம் வரேன்னு சொன்னேன்க்கா. ஷிஃப்ட் மாத்திவிட்டுட்டானுங்க."

"தெரியும்ப்பா. அவனும் தேடல," என்றாள் அக்கா. அது பொய். "அத மட்டும் கழட்டிக் குடு. சட்ட போடணும்."

ஃபியூஸ் மண்டியிட்டு உட்கார்ந்தான். பிளாஸ்திரியின் நுனியை நகத்தால் கிளப்பினான். அவள் இறுக்கி ஒட்டியிருந்ததால் எளிதில் வரவில்லை. வலிக்குமோ என்பதுபோல் மெல்ல மெல்ல உரித்தான். பாதியில் தம்பியின் விரலைத் தன் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பொத்தான் 'டக்' என்றது.

திரையில் முதல் கூரையின் ஓரத்துக்கு வந்திருந்த தபால்காரன் தாவினான். மேல்மூலையில் முதல் வட்டம் சிவந்தது.

அந்த வட்டம் எரிந்து அக்கா பார்த்ததே இல்லை.

"இன்னும் ஆன்லதான் இருக்கு," என்றான் ஃபியூஸ். "ரெண்டு போட்டிருக்கீங்களாக்கா?"

"என்ன ரெண்டு?"

"இல்ல, மூலையில ரெண்டு வட்டம் காட்டுதே. எத அமுக்குறாங்களோ அது எரியும். ஒண்ணு இந்தப் பொத்தான்." இன்னொரு முறை அமுக்கினான். முதல் வட்டம் சிவந்தது. நடுக்கூரையில் தபால்காரன் சும்மா ஒரு குதி குதித்தான். "ரெண்டு வேற எதோ. அவனுக்கு வேற எதுவும் நான் செஞ்சு குடுக்கலையே, அதான் கேட்டேன்."

அக்கா திரையைப் பார்த்தாள். தபால்காரன் இரண்டாவது கூரையில் மெதுவாக நடந்துபோய், அதன் ஓரத்தில் விழுந்தான்.

தம்பியின் கண்ணுக்கு நேரே இருந்த திரை அது. அவன் வசதியாகப் பார்க்க வேண்டுமென்று அவளே மேசையை அளந்து போட்டிருந்தாள். ஒவ்வொரு தாவலுக்கும் இரண்டு சிவந்திருக்கிறது. ஒன்று ஒருமுறைகூடச் சிவக்கவில்லை. எமுலேட்டரைப் பற்றி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன். எடுத்துவிடவா என்று அவள் கேட்டபோது கண்ணை அப்படி இறுக்கி மூடினானே. ஒன்று என்றாவது எரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தானா? பாத்தியாடா பாத்தியாடா என்று அவள் கூவிய நாளெல்லாம் அவன் அதைத்தான் பார்த்தபடி படுத்திருந்தானா? அப்படியென்றால் ஆடலாமா என்று தினமும் கேட்டபோது மேலே போன கண் யாருக்காகப் போனது? சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது யார், விளையாட்டு வேண்டியிருந்தது யாருக்கு?

கேட்க ஆள் இல்லை. மெஷினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா?" என்றான் ஃபியூஸ்.

அவள் எழுந்து வந்தாள். கால்மாட்டில் மடித்து வைத்திருந்த போர்வைக்குள் கையை விட்டு நம்பர் பேடை எடுத்தாள். அதை அவனிடம் நீட்டினாள்.

"இதையும் கொண்டு போயிடுப்பா."

அவன் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு கட்டிலில் இருந்தவனைப் பார்த்தான். பொத்தானின் வயரைச் சுருட்டி, அதையும் நம்பர் பேடையும் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான். ஜிப் நடுவில் சிக்கியது. குனிந்தபடியே வெகுநேரம் அதோடு போராடினான்.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்க. சீக்கிரம் ஆகட்டும்மா," என்றார் சித்தப்பா, முதல்முறையாக நாற்காலியை விட்டு எழுந்து. "இன்னும் அந்தப் பொம்மைய அணைக்கலையா நீங்க?"

யாரும் அணைக்கவில்லை. ஃபியூஸ் தம்பியைத் தோளோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அக்கா சட்டையின் கைகளை ஒவ்வொன்றாக நுழைத்தாள். காலரைச் சரிசெய்தாள். பிறகு முதுகுக்கு அடியில் கையை விட்டு, ஓரம் அடித்த இரண்டு பக்கங்களையும் தேடிப்பிடித்து, இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று தொடும்படி இழுத்து வைத்து நீவிவிட்டாள். நீவிக்கொண்டே இருந்தாள்.

"போதும்க்கா," என்றான் ஃபியூஸ், மெதுவாக.

மூலையில் இரண்டு வட்டங்களும் இருட்டாக இருந்தன. தபால்காரன் முதல் கூரையின் ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தான்.